வேலூர் வெயிலில் ப்ரோக்கோலி: புரட்டாசி விதையிலிருந்து மார்கழிப் பூ வரை

வேலூரில் ப்ரோக்கோலி வராது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் பொங்கல் கழித்து விதை போட்டவர்கள். மாசியிலும் பங்குனியிலும் செடி நன்றாகத்தான் வளரும், இலை தளதளவென்று விரியும். பூ கட்ட வேண்டிய சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, குருத்திலிருந்து மெலிந்த தண்டு ஒன்று நீண்டு, நாலு மஞ்சள் பூ பூத்து, கதை முடிந்துவிடும். அதே விதையைப் புரட்டாசியில் போட்டிருந்தால் மார்கழியில் அறுத்திருக்கலாம்.

தேதியைச் சரியாகப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் கைக்குள் அடங்கும் வேலை. அதனால் மண், உரம், பூச்சி எல்லாவற்றுக்கும் முன்னால் காலக்கணக்கைப் பார்த்துவிடலாம்.

பூ வரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், ப்ரோக்கோலி நான்கும் தாவரவியல் கணக்கில் ஒரே இனம். முட்டைக்கோஸில் இலையைச் சாப்பிடுகிறோம், நூல்கோலில் பருத்த தண்டை. ப்ரோக்கோலியில் நாம் சாப்பிடுவது விரியாத பூமொட்டுகளை. ஆயிரக்கணக்கான மொட்டுகள் நெருக்கியடித்து ஒரே குடையாக நிற்பதைத்தான் 'பூ' என்கிறோம். அந்த மொட்டுகள் விரியாமல், இறுக்கமாக, ஒரே அளவில் வளர வேண்டுமானால் 15 முதல் 20 டிகிரி குளிர் வேண்டும். 25 வரை செடி சமாளிக்கும். பகல் சூடு 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் சில மொட்டுகள் பருத்தும் சில சிறுத்தும் பூ கரடுமுரடாகிறது. நடுநடுவே சிறு இலைகள் எட்டிப் பார்க்கின்றன.

நம் வேலூரில் அந்தக் குளிர் எப்போது கிடைக்கிறது? டிசம்பர், ஜனவரி இரண்டே மாதம். அப்போதும் பகலில் 28, 29 டிகிரி இருக்கும். ஆனால் இரவில் 18, 19 வரை இறங்கும். சில விடியற்காலைகளில் அதற்கும் கீழே போகும். அந்த இரவுக் குளிர்தான் நம் செடிக்குக் கிடைக்கும் சலுகை. பிப்ரவரி நடுவில் அது தீர்ந்துவிடும்.

ஆகவே பூ கட்டும் காலம் டிசம்பர் 20-க்கும் ஜனவரி 31-க்கும் நடுவில் விழ வேண்டும். சீக்கிரம் வரும் கலப்பின ரகங்கள் நாற்று நட்ட 60 முதல் 70 நாளில் அறுவடைக்கு வரும். நாற்றங்காலில் நான்கு வாரம். இரண்டையும் கழித்தால் விதைக்கும் நாள் செப்டம்பர் கடைசி வாரத்தில் தொடங்கி அக்டோபர் 15 வரை. தமிழ்க் கணக்கில் புரட்டாசியில் விதை, ஐப்பசியில் நடவு, மார்கழி கடைசி, தை முதலில் அறுவடை.

எல்லா விதையையும் ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள். செப்டம்பர் 25 வாக்கில் ஒரு பங்கு, பத்து நாள் கழித்து ஒரு பங்கு, அக்டோபர் 15-ல் கடைசிப் பங்கு என்று பிரித்துப் போட்டால், ஏதாவது ஒரு தொகுப்பு மழையில் அடிபட்டாலும் மற்றது நிற்கும். எல்லாப் பூவும் ஒரே வாரத்தில் வந்து குளிர்பதனப் பெட்டியை அடைத்துக்கொள்ளாது. அக்டோபர் 20 தாண்டிவிட்டால் விதையைப் பத்திரமாக மூடி அடுத்த ஆண்டுக்கு வைத்துவிடுங்கள்.

பழைய வட ஆற்காட்டின் சமவெளி முழுக்க, அதாவது இராணிப்பேட்டை, ஆற்காடு, வாலாஜா, காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், ஆரணி எல்லா ஊருக்கும் இந்தக் கணக்குதான். ஏலகிரியிலோ ஜவ்வாது மலை மேலோ வீடு இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஏலகிரி ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம்; அங்கே ஒரு மாதம் முன்கூட்டியே தொடங்கலாம், ஒரு மாதம் பிந்தியும் முடிக்கலாம்.

விதை

கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "நட்டதிலிருந்து எத்தனை நாளில் பூ வரும்?" என்பது. விலையும் கம்பெனியும் அப்புறம். 60, 65 நாள் என்றால் வாங்கலாம். 90 நாள் ரகம் நமக்கு ஆகாது. நம் நாட்டு ஆராய்ச்சி நிலையங்கள் வெளியிட்ட பூசா கே.டி.எஸ்-1, பாலம் சம்ருதி போன்றவை நல்ல ரகங்கள்தான், ஆனால் அவை இமாச்சலக் குளிரை மனத்தில் வைத்து உருவானவை. கே.டி.எஸ்-1 நட்டபின் 85, 90 நாள் எடுத்துக்கொள்ளும். கடைசிப் பங்கு விதைக்கு அதற்குள் தை முடியும் நிலை வந்துவிடும். ஓரளவு வெப்பம் தாங்கும் கலப்பினங்களில் கிரீன் மேஜிக் பல இடங்களில் கிடைக்கிறது. சமவெளி மாடித்தோட்டத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ப்ரோக்கோலி விதைக்கும் கடுகுக்கும் பார்வையில் வித்தியாசமே தெரியாது. அதனால் சில்லறையாகப் பொட்டலம் கட்டித் தரும் விதையை வாங்காமல், ரகத்தின் பெயரும் சோதித்த தேதியும் காலாவதித் தேதியும் அச்சிட்ட பாக்கெட்டாக வாங்குங்கள். விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால் பூஞ்சைக்கொல்லி பூசியது என்று அர்த்தம். கை கழுவிக்கொள்ளுங்கள், அதன்மேல் வேறு நேர்த்தி வேண்டாம். பூசாத விதையானால் ஒரு சிட்டிகை சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நல்ல பாக்டீரியா) பொடியில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி விதைக்கலாம். மிச்ச விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று ஆண்டு வரை முளைக்கும்.

பையும் மண்ணும்

ஒரு செடிக்கு 12 அங்குல அகலமும் 12 அங்குல ஆழமும் உள்ள பை குறைந்தபட்சத் தேவை. 15 அங்குல அகலம் இருந்தால் பூ இன்னும் பெரிதாகும். சின்னத் தொட்டியில் வேர் சுற்றிக்கொண்டால் செடி பயந்துபோய், இலை பெருகும் முன்பே ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பூவைக் கட்டி நின்றுவிடும். தரையில் நடுவதானால் செடிக்குச் செடி ஒன்றரை அடி.

கலவை: செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு. நார்த்தூளை இரண்டு மூன்று முறை தண்ணீரில் அலசிப் பிழிந்துவிடுங்கள். அதில் உப்பு இருக்கும், நம் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது, இரண்டும் சேரக் கூடாது. ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு, ஒரு தேக்கரண்டி டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சைப் பொடி. இவற்றை நடவுக்கு இரண்டு வாரம் முன்பே கலந்து, லேசாக ஈரப்படுத்தி நிழலில் வைத்துவிட்டால், நாற்று போகும்போது மண் தயாராக இருக்கும். பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம். வேர் வெந்துபோகும், வெள்ளைப் புழுவும் வந்து சேரும்.

தரையில் நடுகிறவர்கள் மேட்டுப்பாத்திதான் போட வேண்டும். முக்கால் அடி உயரம் இருக்கட்டும், பக்கத்தில் வடிகால் வாய்க்கால். வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. நம் நடவும் சரியாக அப்போதுதான். நவம்பரில் புயல் சின்னம் உருவானால் மூன்று நாள் விடாமல் பெய்யும். 2021 நவம்பரில் பாலாற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போனதை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ப்ரோக்கோலியின் வேர் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றாலே இலை வெளிறத் தொடங்கிவிடும். பையில் வளர்ப்பவர்கள் அடியில் உள்ள துளைகளைப் பார்த்து, பையைத் தளத்தின் மேல் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள்.

தண்ணீர்: நம் ஊரின் தனிக் கவலை

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வெளியூர்க் குறிப்புகள் எதிலும் இது இருக்காது. வேலூர்ப் பக்கம் பல தெருக்களில் போர் தண்ணீர் கடினநீர். குழாய் வாயில் வெள்ளையாகப் படிகிறதா, வாளியில் உப்புக் கோடு விழுகிறதா, அதே உப்புதான் பையின் மண்ணிலும் ஏறும். ஒரு மாதத்தில் மண்ணின் மேல் வெள்ளைப் பொடி பூத்து நிற்கும், இலை ஓரம் கருகும். மண் காரத்தன்மைக்குத் திரும்பத் திரும்ப, ப்ரோக்கோலிக்கு மிகவும் வேண்டிய போரான் சத்து மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் போகிறது. உரம் போட்டும் பூ பழுப்பேறுகிறது என்று சொல்பவர்களின் வீட்டில் தண்ணீரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நல்லவேளையாக நம் பயிர்க்காலமே மழைக்காலம். மாடியில் இரண்டு பெரிய டிரம் வைத்து மழைநீரைப் பிடித்தால் கார்த்திகை வரைக்கும் ஓட்டிவிடலாம். டிரம் வாயில் துணி கட்டுங்கள், கொசு முட்டை வைக்கும். மழைநீர் தீர்ந்தபின் போர் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும் என்றால், பத்து நாளுக்கு ஒரு முறை அடித்துளை வழியே நன்றாக வடியும்வரை நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள்.

இன்னொன்று. இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த வரலாறு எல்லோருக்கும் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே அளித்தது. அந்த வட்டாரத்தில் கிணற்று நீர் நிறம் மாறியோ வாடை அடித்தோ இருந்தால், நாம் சாப்பிடும் செடிக்கு அதை ஊற்றாதீர்கள். மழைநீரோ குடிநீர்க் குழாய் நீரோ போதும். பத்துச் செடிக்கு நாளொன்றுக்கு ஒரு பெரிய வாளிதான் ஆகும். வீட்டில் குழந்தைக்குக் கொடுக்கும் காய் இது.

நாற்று

98 குழி உள்ள குழித்தட்டு நாற்றுக்கு ஏற்றது. அது இல்லையென்றால் பேப்பர் கப்பின் அடியில் துளையிட்டுக்கொள்ளுங்கள். அலசிய நார்த்தூளும் சலித்த மண்புழு உரமும் சரிபாதி. குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம், மேலே மெல்லிய தூவல். ஈரத்துணியோ பேப்பரோ போட்டு மூடி நிழலில் வைத்தால் நான்கிலிருந்து ஆறு நாளில் முளை வரும்.

முளை தெரிந்த அன்றே மூடியதை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு வெள்ளையாக நூல்போல் நீண்டுவிடும். அந்த நாற்று பிறகு எப்படி வளர்த்தாலும் சாய்ந்தபடியேதான் நிற்கும். புரட்டாசி உச்சி வெயில் கடுமையாக இருக்கும் என்பதால் முதல் வாரம் காலை வெயில் மட்டும், அப்புறம் நிழல்வலைக்குக் கீழே, மூன்றாவது வாரத்தில் முழு வெயில். மழை வந்தால் நேராக நாற்றின் மேல் அடிக்கக் கூடாது. நான்கு குச்சி நட்டுச் சரிவாக ஒரு கண்ணாடித்தாள் கட்டினால் போதும். பக்கவாட்டில் காற்று போய் வர வேண்டும்.

நாற்றின் கழுத்து, அதாவது மண்ணைத் தொடும் இடம், நீர்கோத்து இளைத்து, காலையில் நன்றாக நின்ற நாற்று சாயங்காலம் படுத்துக் கிடந்தால் அது நாற்றழுகல். படுத்ததைக் காப்பாற்ற முடியாது. அந்தக் குழியை அப்படியே எடுத்து எறிந்துவிட்டு, மற்றவற்றுக்கு லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கரைத்து ஊற்றி, தண்ணீரைக் குறையுங்கள். இந்த நோய் பெரும்பாலும் மாலையில் தண்ணீர் விடுவதால் வருகிறது. நாற்றுக்குக் காலையில் மட்டும் பூவாளியால் தெளித்தால் போதும்.

25-லிருந்து 28 நாளில் நான்கைந்து இலை வந்திருக்கும். அப்போதே நட்டுவிட வேண்டும். மழை விடட்டும், பை வரட்டும் என்று 40 நாள் தட்டிலேயே வைத்த நாற்றும் முன்சொன்ன நாணயப் பூவைத்தான் தரும். இந்த ஒரு விஷயத்தில் தள்ளிப்போடவே கூடாது.

நடவும் முதல் மாதமும்

வெயில் தாழ்ந்தபின், நாலரை ஐந்து மணிக்கு நடுங்கள். குழியிலிருந்து வேர்க்கட்டி உடையாமல் அடியிலிருந்து தள்ளி எடுத்து, முதலில் வந்த இரண்டு விதையிலைகள் மண்ணைத் தொடும் ஆழத்துக்குப் புதைத்து, சுற்றிலும் விரலால் அழுத்துங்கள். மூன்று நாள் உச்சி வெயிலுக்கு மட்டும் மறைப்பு. அதற்குமேல் ஆறு மணி நேர நேரடி வெயில் கட்டாயம். தென்னை நிழலில் வைத்த செடி இலையாகவே நிற்கும்.

இரண்டு வாரம் கழிந்து தண்டு உயரும்போது அடியில் ஒரு கை மண்ணோ மண்புழு உரமோ அணைத்துவிடுங்கள். கார்த்திகைக் காற்றுக்கு இது நல்ல பிடிமானம். மேலே காய்ந்த இலை, நிலக்கடலைத் தோல், தேங்காய் நார் எது கிடைத்தாலும் மூடாக்குப் போடலாம். நம் பக்கம் நிலக்கடலைத் தோல் மலிவு.

சாப்பாடு

ப்ரோக்கோலி பெருந்தீனிக்காரன். கீரைக்குப் போடும் உரத்தில் இது பூ கட்டாது. நட்ட பத்தாம் நாளிலிருந்து பத்து நாளுக்கு ஒரு முறை கடலைப்புண்ணாக்குக் கரைசல் கொடுங்கள்: 100 கிராம் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிவை எடுத்துப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்துச் செடிக்கு அரை லிட்டர். இடையில் ஒரு முறை பஞ்சகவ்யா, லிட்டருக்கு 30 மில்லி, இலையிலும் மண்ணிலும். மீன் அமிலம் வைத்திருப்பவர்கள் லிட்டருக்கு 5 மில்லிக்கு மேல் போக வேண்டாம். ரசாயன உரம்தான் வசதி என்றால் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 லிட்டருக்கு 3 கிராம், பத்து நாளுக்கு ஒரு முறை. இரண்டையும் ஒரே வாரத்தில் கொடுத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நடவிலிருந்து 40 நாளுக்குள் கை அகல இலைகள் 15-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. பூவின் அளவை இலையே முடிவு செய்கிறது. நடுக்குருத்தில் பூ தலைகாட்டியபின் தழைச்சத்தைக் குறைத்துவிடுங்கள். கூடுதலானால் தண்டு வேகமாக ஊதி உள்ளே பொந்து விழும்.

பொந்து விழுவதற்கு இன்னொரு காரணம் மேலே சொன்ன போரான் குறை. அறுத்த தண்டின் நடுவில் பழுப்பு நிறத்தில் பள்ளம் இருந்தாலோ, பூவில் துருப்பிடித்தாற்போல் திட்டுகள் வந்தாலோ போரான் போதவில்லை. கடின நீர் ஊற்றுகிறவர்கள் காத்திருக்காமல் நட்ட மூன்றாம் வாரத்தில் ஒரு முறை, பூ தலைகாட்டும்போது ஒரு முறை, லிட்டருக்கு 1 கிராம் போராக்ஸ் கரைத்து இலைமேல் தெளிப்பது நல்லது. ஒரு கிராமை இரண்டாக்கினால் இரட்டிப்புப் பலன் வராது, இலைதான் கருகும். எடைபோடும் சின்னத் தராசு இல்லாவிட்டால் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

வலையும் புழுவும்

நம் ஊரில் முட்டைக்கோஸ் குடும்பத்தின் பெரிய எதிரி வைரமுதுகு அந்துப்பூச்சி. பூச்சி மங்கலான சாம்பல் நிறம், அரிசிமணிக்குக் கொஞ்சம் பெரிது. இறக்கை மடித்து உட்கார்ந்திருக்கும்போது முதுகில் வைரக்கட்டம்போல் வெளிர்க் கோடு தெரியும். சேதம் செய்வது அதன் புழு. காலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள். இளம்பச்சையில், இரண்டு முனையும் கூராக, அரை அங்குலத்துக்கும் குறைவாக ஒரு புழு நரம்போரம் ஒட்டிக்கிடக்கும். குச்சியால் லேசாகத் தொட்டதும் துள்ளிப் பின்னால் நெளிந்து, ஒரு நூலைவிட்டு இலையிலிருந்து தொங்கும். அப்படிச் செய்தால் சந்தேகமே வேண்டாம், அதுதான். அது தின்ற இடத்தில் இலையின் மேல்தோல் மட்டும் மிஞ்சி, வெளிச்சத்தில் சன்னல்போலத் தெரியும்.

கடைப் பூச்சிமருந்தால் இதை ஒழித்துவிடலாம் என்று யாரும் நம்ப வேண்டாம். உலகத்தில் பயிர்ப்பூச்சிகளிலேயே டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லிக்கு முதலில் பழகிக்கொண்டது இதுதான். 1953-ல் ஜாவா தீவில் அது பதிவானது. வயலில் பி.டி. என்ற பாக்டீரியா மருந்தையும் முதலில் எதிர்த்து நின்றது இதே பூச்சி. நாலு பை வைத்திருக்கிறவர் வாராவாரம் மருந்தடித்தால், பூச்சி பழகிவிடும், மருந்து நம் தட்டுக்கு வந்துவிடும்.

வீட்டுத்தோட்டத்துக்கு என் முதல் சிபாரிசு வலை. நாற்று நட்ட அன்றே நான்கு மூலையில் குச்சி நட்டு, பழைய கொசுவலையை மேலே போட்டு, அடியைச் செங்கல் வைத்து அழுத்திவிடுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "என்னங்க, செடிக்கெல்லாம் கொசு கடிக்குதா?" என்றார். கடைசியில் அவர் வீட்டிலும் வலை ஏறியது. பாகற்காய்க்கு இப்படி மூடினால் தேனீ வராமல் காய் பிடிக்காது. ப்ரோக்கோலியில் பூ விரியும் முன்பே அறுக்கிறோம், மகரந்தச் சேர்க்கையே தேவையில்லை. எனவே அறுவடை நாள்வரை வலை அப்படியே இருக்கலாம். வலைக்குள் இலை துணியைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. தொட்டால் வெளியிலிருந்தே முட்டை வைத்துவிடும்.

வலை போட முடியாதவர்களுக்குக் கடுகு இருக்கிறது. அஞ்சறைப்பெட்டிக் கடுகையே நடவுக்குப் பதினைந்து நாள் முன்பாகத் தோட்டத்தின் ஓரத்தில் தூவிவிடுங்கள். அந்துப்பூச்சி கடுகை விரும்பி முட்டை வைக்கும். புழு பெருத்ததும் கடுகுச் செடியை அப்படியே பிடுங்கி அழித்துவிடலாம். ப்ரோக்கோலியில் ஏறிவிட்ட சின்னப் புழுவுக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. மிஞ்சினால் பி.டி. பொடி, பாக்கெட்டில் சொன்ன அளவில், சூரியன் மறைந்தபின். வெயில் பட்டால் அதன் வீரியம் சில நாளிலேயே போய்விடும்.

செடியின் சாற்றை உறிஞ்சும் பொடிப்பூச்சியான அசுவினியைக் கொசுவலை தடுக்காது. மழை நின்று பனி இறங்கும் மார்கழியில் குருத்திலும் பூவின் இடுக்கிலும் சாம்பல் பூசினாற்போல் அப்பிக்கொள்ளும். பூவுக்குள் புகுந்துவிட்டால் கழுவி எடுப்பது பெரும்பாடு, ஆகவே இலையில் பார்த்த அன்றே தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்து, மூன்று நாள் கழித்து வேப்பெண்ணெய் தெளியுங்கள். பொறிவண்டு வந்தால் கையைக் கட்டிக்கொண்டு விட்டுவிடுங்கள். அது பார்த்துக்கொள்ளும்.

இலை ஓரத்திலிருந்து உள்நோக்கி மஞ்சள் முக்கோணமாகப் பரவி, அதற்குள் நரம்பு கறுத்திருந்தால் கருப்பழுகல் நோய். பாக்டீரியா வேலை அது, மழைத்துளி தெறித்துப் பரவும். அந்த இலைகளைக் காய்ந்த நேரத்தில் கிள்ளி வீட்டுக்கு வெளியே போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். இலைமேல் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்துங்கள். மழைநாளில் நத்தை வந்தால் இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குவதைவிட நல்ல வழி இல்லை.

பூ

நட்ட 45, 50 நாளில் நடு இலைகள் உள்நோக்கி முறுக்கிக்கொள்ளத் தொடங்கும். அவற்றை மெதுவாக விலக்கிப் பார்த்தால் அடியில் நீலப்பச்சையாக ஒரு பொட்டு. அன்றிலிருந்து தண்ணீர் ஒரு நாளும் தவறக் கூடாது. ஒரு நாள் காய்ந்து மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் பூ விட்டுவிட்டு வளரும். காலிஃபிளவர்போல இலையை மேலே கட்டி மூட வேண்டியதில்லை. அங்கே வெள்ளை நிறத்துக்காகக் கட்டுகிறோம், இங்கே பச்சை வேண்டும், வெளிச்சம் படட்டும். ஜனவரி கடைசியில் உச்சி வெயில் சுள்ளென்று அடித்தால் மட்டும் ஒரு இலையை முறித்துக் குடையாகச் சாய்த்து வைக்கலாம்.

பொட்டு தெரிந்ததிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாளில் பூ கையளவு ஆகும். இப்போது தினமும் காலையில் பார்க்க வேண்டும், விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மொட்டுகள் மணிமணியாக இறுகி இருந்தால் இன்னும் ஒரு நாள் விடலாம். ஓரத்து மணிகள் விலகி, பூவின் விளிம்பு தளர்ந்து பிரியத் தொடங்கினால் அன்றே அறுக்க வேண்டும், பெரிதாகட்டும் என்று நினைக்கக் கூடாது. குளிர் ஊரில் மூன்று நாள் தாங்கும் பூ நம் ஊரில் ஒன்றரை நாளில் மஞ்சள் காட்டிவிடும். இரண்டு மொட்டு விரிந்துவிட்டாலும் கவலை இல்லை, ருசியில் குறை வராது, உடனே அறுத்துச் சமைத்துவிடுங்கள்.

அளவைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். நேதாஜி மார்க்கெட்டில் வெளியூரிலிருந்து இறங்கும் அரை கிலோப் பூவை நம் மாடியில் எதிர்பார்க்க வேண்டாம். கால் கிலோ வந்தால் நல்ல அறுவடை. ஆனால் காலையில் அறுத்து மதியம் இலையில் விழும் பூவின் இனிப்பு, லாரியில் வந்த பூவில் கிடையாது.

அறுப்பதற்கு விடியற்காலை. பூவுக்குக் கீழே நாலைந்து அங்குலத் தண்டோடு, கூர்க்கத்தியால் சாய்வாக வெட்டுங்கள். தட்டையாக வெட்டினால் தண்டின் வாயில் பனிநீர் தேங்கி அழுகும். செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். அறுத்தபின் ஒரு முறை புண்ணாக்குக் கரைசல் ஊற்றினால், இலைக்கக்கங்களிலிருந்து எலுமிச்சை அளவில் பக்கப்பூக்கள் மூன்று நான்கு வாரம் வரை வந்துகொண்டிருக்கும். வீட்டில் இரண்டு பேர் என்றால் இந்தப் பக்கப்பூக்களே ஒரு வேளைப் பொரியலுக்குக் காணும்.

அடுப்படியில்

பூவைக் கிளைகிளையாகப் பிரித்து, உப்பும் மஞ்சளும் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் தலைகீழாக அமிழ்த்தினால் ஒளிந்திருக்கும் புழு வெளியே வந்துவிடும். குக்கரில் வைக்காதீர்கள், குழைந்து நாற்றமெடுக்கும். கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்து, தண்ணீர் தெளித்து மூடி நான்கு நிமிடம், இறக்கும்போது தேங்காய்த்துருவல். பச்சை நிறம் மாறாமல், கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும்.

தண்டைக் குப்பையில் போடுகிறவர்கள் பாதிக் காயைப் போடுகிறார்கள். தோலைத் தடிமனாகச் சீவி உள்ளிருக்கும் வெளிர்ப்பச்சைத் தண்டைச் சாம்பாரிலோ குருமாவிலோ போட்டால் நூல்கோல் போலவே இருக்கும். இளம் இலைகளைப் பொடியாக நறுக்கிப் பாசிப்பருப்புக் கூட்டு வைக்கலாம். அறுத்த பூவை அன்றைக்கே சமைப்பது நல்லது. முடியாவிட்டால் கழுவாமல், ஈரம் இல்லாத துணியில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், நாலு நாள் தாங்கும்.

மாசிக்குப் பிறகு

பக்கப்பூக்கள் அறுக்கும் முன்பே மஞ்சளாக விரிய ஆரம்பித்தால் பருவம் முடிந்தது. அதிலிருந்து விதை எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கலப்பின ரகத்தின் விதை தாயைப்போல வராது, அந்த முயற்சி வேண்டாம். செடியை வேரோடு பிடுங்கி, வேரில் முடிச்சோ அழுகலோ இருக்கிறதா என்று பாருங்கள். வேர் வெள்ளையாக இருந்தால் இலை தண்டெல்லாம் உரக்குழிக்குப் போகலாம்.

அந்தப் பையில் அடுத்து முட்டைக்கோஸ் குடும்பத்துச் செடி எதுவும் வைக்காதீர்கள், முள்ளங்கியும் கடுகுக்கீரையும் உட்பட. மண்ணைக் கொட்டி இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, ஒரு பங்கு புதுத் தொழுவுரம் சேர்த்து, வெண்டையோ கொத்தவரையோ போடுங்கள். இரண்டும் நம் கோடையைத் தாங்கும். ஆடியில் கத்தரி வைக்க விரும்பினால் இலவம்பாடி முள்ளுக்கத்தரி நாற்று கிடைக்கிறதா பாருங்கள், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்துக் காய் அது. ப்ரோக்கோலிப் பைகளில் கத்தரி வைப்பதானால், அதற்கென்று இரண்டு பையைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். அது மார்கழியிலும் காய்த்துக்கொண்டிருக்கும், புரட்டாசியில் இடம் காலியாகாது.